வட்டி குறைஞ்சா வீடு முளைக்குமா? தென்காசிக் கோபுரமும் ஒரு பழைய கேள்வியும்

ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சதும் குற்றாலத்துக்குக் கிளம்புற கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா இருந்திருப்பீங்க. ஐந்தருவியில குளிச்சு, பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிட்டு, ராத்திரி ரூம் தேடுனா வாடகை எகிறிக் கிடக்கும். ஏன்? கூட்டம் ஒரே வாரத்துல வந்துடும். ரூமை ஒரே வாரத்துல கட்ட முடியாது. இன்னைக்கு நாம பேசப்போற மொத்த விஷயமும் இதுக்குள்ளதான் இருக்கு.

டிவியில அடிக்கடி ஒரு வாதம் கேட்கிறோம். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைச்சா கம்பெனிகள் கடன் வாங்கித் தொழிலை விரிவாக்கும், பில்டர்கள் நிறைய வீடு கட்டுவாங்க, எல்லாருக்கும் நல்லது. இது எந்த அளவுக்கு உண்மை? பதில் தேட தென்காசிக்குப் போவோம். முதல்ல கொஞ்சம் பின்னாடி, 15-ஆம் நூற்றாண்டுக்கு.

கால் காசுக் கணக்கு

1446-இல் பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். மதுரை கையை விட்டுப் போய், பாண்டியர்கள் தெற்கே ஒதுங்கியிருந்த காலம் அது. கோபுர வேலை அவர் காலத்தில் முடியவில்லை. அவருக்குப் பின் வந்த குலசேகர பாண்டியன்தான் முடித்தார்.

அந்தக் காலத்தில் வட்டி என்று ஒன்று இருந்ததா? நல்லாவே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்க. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளுக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது 12.5 சதவீதம். கல்வெட்டில் இதற்குப் பெயர் 'பொலிசை'. ஜார்ஜ் ஸ்பென்சர் என்ற வரலாற்றாய்வாளர் 1968-இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். கோயில் ஒருவகையில் வங்கியாகவும் இருந்தது என்பதுதான் அதன் சாரம்.

இப்போ ஒரு விளையாட்டுக் கணக்கு. அதே 12.5 சதவீதத்தை கூட்டு வட்டியாகப் போடுங்க. 50 வருஷம் கழிச்சு வரப்போற 100 காசுக்கு இன்னைக்கு என்ன மதிப்பு? கால் காசுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்! இந்தக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் யாரும் கோபுரம் கட்டியிருக்க மாட்டார்கள். வட்டி என்பது எதிர்காலத்தை நாம் எவ்வளவு மட்டமாக மதிப்பிடுகிறோம் என்பதற்கான அளவுகோல். அந்த அளவுகோலுக்கு வெளியே நின்று எடுக்கப்படும் முடிவுகளும் உண்டு.

"வட்டியா? அதைப் பத்தி யோசிக்கலையே!"

சரி, கோபுரம் பக்தி விஷயம். வியாபாரிகள் வட்டி பார்த்துத்தானே முதலீடு செய்வாங்க?

ஆக்ஸ்போர்டு பொருளாதார ஆய்வாளர்களுக்கும் இதே சந்தேகம். நேராக வியாபாரிகளிடமே கேட்டார்கள். அந்தப் பதில்களைத் தொகுத்து மீட், ஆண்ட்ரூஸ் இருவரும் 1938-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்கள் சொன்னது: எங்கள் முதலீட்டு முடிவை வட்டி பெரிதாக மாற்றுவதில்லை. 2012-இல் அமெரிக்க நிறுவனங்களின் நிதி அதிகாரிகளிடம் இதே மாதிரி கேட்டபோது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர், வட்டி எவ்வளவு குறைந்தாலும் முதலீட்டைக் கூட்டமாட்டோம் என்றார்கள். சரக்கு விற்குமா, ஆள் கிடைப்பாங்களா, கையில் லாபம் இருக்கா, இதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி.

தென்காசியிலேயே உதாரணம் இருக்கு. 2011-வாக்கில் ஜோஹோ நிறுவனம் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. வெளி முதலீட்டாளர்கள் இல்லாமல், சொந்த லாபத்தில் வளர்ந்த கம்பெனி அது. ரெப்போ ரேட் குறைந்ததைப் பார்த்து மத்தளம்பாறைக்கு வரவில்லை. படித்த பிள்ளைகள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்காங்க, அவங்க சென்னைக்கு பஸ் ஏறணும்னு அவசியமில்லை என்ற நம்பிக்கையில் வந்தது.

வீடு மட்டும் வேற கதை

ஆனால் வீட்டுக் கடன் வாங்கின உங்களுக்குத் தெரியும், வட்டி எப்படிக் கடிக்கும்னு. 2020 மே மாதம் ரெப்போ ரேட் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. அந்த இரண்டரை சதவீதம் அப்படியே நம் தலையில் விடிந்தால் என்ன ஆகும்? 30 லட்சம், 20 வருஷக் கடன்: 7 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். 9.5 சதவீதத்தில் சுமார் 27,960. மாசம் 4,700 ரூபாய் வித்தியாசம். தவணைக் காலம் நீள நீள வட்டியின் பலமும் கூடும்.

அப்போ வட்டி குறைஞ்சா வீடு வாங்க நிறைய பேர் வருவாங்க. வீடு நிறைய வருமா? அது நிலத்தைப் பொறுத்தது. ஆல்பர்ட் சைஸ் என்ற பொருளாதார அறிஞர் 2010-இல் செயற்கைக்கோள் தகவல்களை வைத்து அமெரிக்க நகரங்களை ஆராய்ந்தார். செங்குத்தான சரிவும் நீரும் சூழ்ந்த ஊர்களில் கட்டுவது கஷ்டம். அங்கே தேவை கூடினால் வீடு கூடுவதை விட விலைதான் கூடுகிறது.

குற்றாலத்தில் நின்னு சுத்திப் பாருங்க. மேற்கே மலையும் வனத்துறைக் காடும். கிழக்கே சிற்றாறு பாயும் நஞ்சை, அதற்கு நடுவே குளங்கள், கால்வாய்கள். எளிதாகக் கட்டக்கூடிய இடம் எது? அந்த வயல்தான். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம் இன்று தென்காசியின் குடியிருப்புப் பகுதியாக விரிந்து கிடக்கிறது. வெறும் வட்டிக் குறைப்பால் அங்கே வீடு மலிவாகாது. மனை விலை ஏறும், வயல் சுருங்கும். நிலம், சாலை, தண்ணீர், கட்டட அனுமதி ஆகியவற்றையும் சேர்த்து யோசித்தால்தான் வீடு வரும்.

ரெப்போ ரேட் போகாத வீடு

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. நம்ம ஊர்ப் பேச்சில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். கந்துவட்டி அதையும் தாண்டும். அதைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில், தென்காசிப் பக்கத்துக் கிராமத்துக் குடும்பம் ஒன்று, கந்துவட்டிக் கொடுமை என்று மனு மேல் மனு கொடுத்தும் வழி பிறக்காமல், நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நாலு பேரும் போய்விட்டார்கள். மும்பையில் கால் சதவீதம் குறைப்பது அந்த வீட்டு வாசலை எட்டவே இல்லை. 'வட்டி குறைஞ்சிடுச்சு' என்று செய்தி வரும்போது, யாருக்கு என்று ஒரு கேள்வி கேட்டுக்கோங்க.

கடைசியாகத் திரும்பவும் கோபுரத்துக்கு. பிற்காலத்தில் அது சிதைந்து, பல தலைமுறைக்கு மொட்டைக் கோபுரமாகவே நின்றது. சிவந்தி ஆதித்தன் தலைமையில் திருப்பணி நடந்து, நன்கொடையில் ஒன்பது நிலைகளும் எழும்பி, 1990-இல் கும்பாபிஷேகம் ஆனது. பராக்கிரம பாண்டியன் இதை எதிர்பார்த்திருந்தார் போல. இந்தக் கோயிலுக்குப் பழுது வந்தால் அதைச் சரிசெய்பவர் யாராக இருந்தாலும் அவர் காலில் விழுகிறேன் என்ற பொருளில் அங்கே ஒரு கல்வெட்டுப் பாட்டு இருக்கு. பிறக்கவே பிறக்காத ஆளை ஒரு ராஜா கும்பிடுகிறார். கால் காசுக் கணக்கில் அடங்காத மதிப்பு அது.

மேலகரத்து வயலையும் சிற்றாற்றையும் பற்றி முடிவெடுக்கும்போது நாமும் 50 வருஷம் கழித்து வரப்போகிறவர்களை அப்படி நினைக்கிறோமா? அடுத்த சாரலுக்குப் போகும்போது அண்ணாந்து அந்தக் கோபுரத்தை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.