தாலியில் பிள்ளையாரா, சிலுவையா?

போன மாதம் என் அத்தை பையன் கல்யாணத்துக்குத் தாலி செய்யக் கொடுக்கலாம்னு காரைக்கால் போயிருந்தோம். எங்க வீடு பூவத்தில். நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு, அப்படியே வடக்கே போனால் தரங்கம்பாடி. பொண்ணு அந்த ஊர், கிறிஸ்தவக் குடும்பம். பத்தர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தாலியில என்ன வைக்கணும்? பிள்ளையாரா, சிலுவையா?" அத்தை என்னைப் பார்த்தாங்க, நான் மாமாவைப் பார்த்தேன், மாமா ஃபேனைப் பார்த்தார். "கேட்டுட்டு வந்து சொல்றோம்"னு திரும்பிட்டோம்.

நான் படிப்பது பி.காம். வரலாறு எல்லாம் பத்தாங்கிளாஸோடு சரி. ஆனாலும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைய, தேடிப் படித்தேன். இதே கேள்வியை 300 வருஷத்துக்கு முன்னாடியே பாண்டிச்சேரியில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் போப்பாண்டவரின் தூதர்!

கதை கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்கிறது. 1606ல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி, காவி கட்டிக்கொண்டு மரக்கறி சாப்பிட்டுத் தமிழில் எழுதியவர். கிறிஸ்தவர் ஆனவர்கள் பூணூலையும் சந்தனத்தையும் விட வேண்டியதில்லை, அதெல்லாம் ஊர் வழக்கம், மதம் இல்லை என்பது அவர் வாதம். ஏகப்பட்ட சண்டைக்குப் பிறகு 1623ல் போப் 15ஆம் கிரிகோரி, சில நிபந்தனைகளோடு சரி என்றார். கல்யாண வீட்டுச் சடங்குகள் பலவும் இதே கணக்கில் மதம் மாறிய குடும்பங்களில் தொடர்ந்தன.

மற்ற சபைப் பாதிரியார்களுக்கு இது பிடிக்கவில்லை. புகார் ரோம் வரை போய், விசாரிக்க வந்தவர்தான் ஷார்ல் தோமா மையார் தெ தூர்னோன். 1703 நவம்பரில் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். பாதி நாள் உடம்பு சரியில்லை. உள்ளூர்க் கிராமங்கள் பக்கமே போகவில்லை. இருந்த இடத்திலேயே விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஒரு ஆணை போட்டார். ஜூலையில் அது வெளியானது. அடுத்த சில நாளில் கப்பலேறி மணிலாவுக்குக் கிளம்பிவிட்டார். (தேர்வுத்தாளைத் திருத்திப் போட்டுவிட்டு டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போகிற வாத்தியார் மாதிரி!)

அந்த ஆணையில் கல்யாணம் பற்றி இருப்பதைப் படித்தால் நம்ம வீட்டுக் கல்யாணப் பட்டியலைப் படிக்கிற மாதிரியே இருக்கிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் நிறமேற்றிய 108 இழைக் கயிறு கூடாது. அரசங்கிளையை வைத்துச் செய்யும் சடங்கு கூடாது. தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது. பெண் வயதுக்கு வந்ததை ஊரைக் கூட்டிக் கொண்டாடக் கூடாது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அதே ஆணையில் நல்லதும் இருந்தது. நோயாளிகளுக்குத் திருவருட்சாதனம் கொடுக்கப் பறையர் வீடுகளுக்குள் போக மாட்டோம் என்று பாதிரியார்கள் ஒதுங்கக் கூடாது என்றார். "ஊர் வழக்கம்" என்ற சாக்கில் சாதியையும் சேர்த்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மைதானே?

ஆனால் தாலி விஷயத்தில் அவராலும் அடியோடு கை வைக்க முடியவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைக் கல்யாணமானவள் என்று ஊர் ஒத்துக்கொள்ளாதே! அதனால் சிலுவையோ, இயேசு அல்லது மாதா உருவமோ உள்ள ஒன்றை அணியலாம் என்று விட்டார். வழக்கு அதன்பிறகும் 40 வருஷம் இழுத்து, 1744ல் போப் 14ஆம் பெனடிக்ட் முடித்து வைத்தார். இந்தத் தடைகளை மதிப்போம் என்று பாதிரியார்கள் சத்தியம் செய்யும் வழக்கம் 1940 வரை இருந்தது. இப்போது எங்க பக்கம் எந்தச் சர்ச் கல்யாணத்துக்குப் போனாலும் தாலியை மந்திரித்துத்தான் கட்டுகிறார்கள், சிலுவையோ புறாவோ போட்டு. காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் கருகமணி. நிக்காஹ் செல்லுபடியாக அது தேவையே இல்லை.

சரி, இந்துக்களுக்காவது தாலி ஆதியிலிருந்தே இருந்ததா? அகநானூற்றில் 86, 136 ஆகிய இரண்டு பாட்டிலும் கல்யாண வீடு முழுசாக வருகிறது. பந்தல் இருக்கிறது, விருந்து இருக்கிறது. தீ வலம் வருவதும் இல்லை, தாலி கட்டுவதும் இல்லை. தீ வலம் வருவது சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்தில் வருகிறது, அதுவும் நம்ம பூம்புகாரில்தான். "நம்ம வழக்கத்துல இல்லாததைச் சேர்க்காதீங்க" என்று சண்டை போடும் பெரியப்பாக்களிடம் இதைச் சொன்னால் அடி விழும் :)

சேர்ப்பதைவிடக் குறைப்பதுதான் ஆபத்தாக இருந்திருக்கிறது. பெரியார் நடத்தி வைத்த சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதர் கிடையாது, தீ கிடையாது. அப்படி நடந்த ஒரு கல்யாணம் செல்லாது என்று 1953ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரறிய நடந்த கல்யாணம், குடும்பம் நடத்திப் பிள்ளைகளும் பிறந்தாச்சு, அம்மா மனைவி இல்லை என்றால் அந்தப் பிள்ளைகள் யார்? சொத்தில் பங்கு என்ன? 1967ல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். ஏற்கனவே நடந்த கல்யாணங்களும் செல்லும். அந்த "ஓ"வில்தான் அத்தனை குடும்பமும் பிழைத்தது.

எங்க கேஸ் இரண்டு மதம் என்பதால் 1954ன் சிறப்புத் திருமணச் சட்டம். ஒப்பந்தச் சட்டம் படித்த எனக்கு அதன் 12ஆம் பிரிவு ரொம்பப் பிடித்தது. எந்த முறையில் வேண்டுமானாலும் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் பதிவு அதிகாரி, மூன்று சாட்சிகள் முன்னால் உன்னை ஏற்கிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் வாயால் சொல்ல வேண்டும். மீதி எல்லாம் நம்ம இஷ்டம். பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கல்யாணமும் இதே மாதிரிதான், 1881 ஆணைப்படி சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குப் போனவர்களுக்கு மேரியில் நடப்பதுதான் கல்யாணம், சர்ச்சோ கோயிலோ அதற்கப்புறம்.

இரண்டு வீடும் பேசி, கடைசியில் பொட்டுத் தாலி என்று முடிவானது. எந்த உருவமும் இல்லாமல் வழவழவென்று ஒரு வட்டம். பத்தர் "வேலைப்பாடு இல்ல, கூலி கம்மிதான்"னு எழுதிக்கொண்டார். கயிறு பொண்ணோட அம்மா கொண்டு வர்றாங்களாம், மஞ்சளில் நனைத்து. 108 இழையான்னு நான் எண்ணப் போறதில்லை.