எச்.ஐ.வி.யும் ஆபரேஷன் தியேட்டரும்: கொஞ்சம் வரலாறு

இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்தது நம்ம சென்னையில்தான், 1986-ல். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன்பேரில் அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். அதை வைத்திருந்தது வீட்டு ஃப்ரிட்ஜில்! (இப்போது கேட்டால் தலை சுற்றும்.) பிறகு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தார்கள். ஆறு பேருக்கு இருந்தது.

அதற்கப்புறம் நோயைவிட வேகமாகப் பரவியது பயம். எச்.ஐ.வி. என்றாலே ஆபரேஷன் கிடையாது என்று கைவிரித்த இடங்கள் உண்டு. 1993-ல் தாம்பரம் சானடோரியம் இவர்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. ஆனால் எங்கள் பழனியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ தாம்பரம் 450 கி.மீ.க்கு மேல். குடல்வால் வெடித்தவர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்?

மயக்க மருந்து டாக்டர்களுக்கு ஒரு தனிச் சந்தேகமும் இருந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கிருமி மூளைக்குப் போய்விடுமோ? உண்மையில் தொற்றின் ஆரம்பத்திலேயே கிருமி அங்கே போய்விடுகிறது, ஊசிக்காகக் காத்திருப்பதில்லை. 1990-களில் கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வுகளிலும் கெடுதல் தெரியவில்லை. இன்னொரு பயம், கையில் ஊசி குத்திக்கொள்வது. அதில் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் இன்னும் குறையும். எல்லா நோயாளியையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கவனிப்பதுதான் சரியான வழி. ரிசல்ட் வராதவருக்கும் கிருமி இருக்கலாமே!

ஐ.சி.யு. கதை இன்னும் சோகம். 1980-களில் எய்ட்ஸ் நிமோனியாவில் வென்டிலேட்டருக்குப் போனவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. வென்டிலேட்டர் வைப்பதே வீணா என்று டாக்டர்கள் விவாதித்தார்கள். 1996 வாக்கில் கூட்டு மருந்து வந்ததும் நிலைமை மாறியது. இங்கே அரசு அதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில்தான், முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. இப்போது மயக்க டாக்டர் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கிறது: ரிடோனாவிர் சாப்பிடுபவருக்கு மிடாசோலம் கொடுத்தால் தூக்கம் லேசில் தெளியாது.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. கிருமியைக் கண்டுபிடித்து 32 வருஷம் கழித்து! சுனிதி சாலமன் அதைப் பார்க்கவில்லை, 2015-லேயே காலமாகிவிட்டார்.