காகிதத்தில் ஒரு பூட்டு

விடையைக் கண்ணில் காட்டாமல், நாம் சொன்ன விடை சரியா தவறா என்று மட்டும் ஓர் அட்டைப்பெட்டி எப்படிச் சொல்லும்? பூட்டிய அறையிலிருந்து புதிர்களை அவிழ்த்து வெளியேறுவதுதான் எஸ்கேப் ரூம்; அதை வீட்டில் உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளின் வரலாறே இந்தக் கேள்விக்குள் அடங்கும் என்பது என் எண்ணம். நான் திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. புதிதாக எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் இதற்கு லிவர் எங்கே, சாவி எங்கே என்றுதான் என் கண் தேடும்.

அப்படித் தேடிப் போனால் 1936இல் லண்டனில் வந்த ஒரு துப்பறியும் நாவலில் போய் நிற்கிறோம். ‘மர்டர் ஆஃப் மயாமி’. எழுதியவர் டென்னிஸ் வீட்லி, திட்டமிட்டவர் ஜே. ஜி. லிங்ஸ். அதை நாவல் என்பதைவிடப் போலீஸ் கோப்பு என்பதே பொருத்தம். தந்திகள், விசாரணை அறிக்கைகள், புகைப்படங்கள் எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு நிஜமான தலைமுடி, எரிந்த தீக்குச்சி, ரத்தக்கறை படிந்த திரைச்சீலைத் துண்டு. கொலையாளி யார் என்பது கடைசிப் பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கங்களை ஒட்டி மூடியிருப்பார்கள். பூட்டு என்று பார்த்தால் இது பலவீனமானதுதான், தப்பாக யூகித்தவரும் கிழித்துப் பார்த்துவிடலாம். ஆனால் தடயத்தை வாசகன் கையிலேயே கொடுத்து, ஒருமுறை கிழித்தால் தீர்ந்தது என்று வைத்த துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்த மூன்று ஆண்டுகளில் இதே மாதிரி இன்னும் மூன்று கோப்புகள் வந்தன.

அடுத்த பூட்டு ஓர் உறை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆந்தனி பிராட் என்ற இசைக்கலைஞர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவாக்கிய பலகை விளையாட்டு க்ளூடோ. 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் வாடிங்டன்ஸ் நிறுவனம் அதை 1949இல்தான் விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. கொலையாளி, ஆயுதம், அறை என மூன்று சீட்டுகள் உறைக்குள் போகும். குற்றம் சாட்டுபவர் மட்டும் உறையைப் பிரித்துப் பார்ப்பார். தப்பு என்றால் அவருக்கு ஆட்டம் முடிந்தது. இதனால் அவசரப்பட்டு உறையில் கை வைக்க எல்லோருக்கும் பயம். வீட்லியின் பூட்டில் இல்லாத காவல் இதில் வந்துவிட்டது. எல்லோரும் சேர்ந்து ஆடும் வழியும் பின்னால் வந்தது. 1985இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதைப் பெற்ற ஷெர்லாக் ஹோம்ஸ் விளையாட்டில் தாயக்கட்டையே கிடையாது. லண்டன் வரைபடம், அன்றைய செய்தித்தாள், முகவரிப் புத்தகம், இவற்றை வைத்து எல்லோரும் கூடிப் பேசித் துப்புத் துலக்க வேண்டும்.

பூட்டிய அறை வந்தது வேறு வழியில். 2004இல் ஜப்பானியரான தகாகி தோஷிமிட்சு இணையத்தில் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’ என்ற சிறு விளையாட்டில் ஓர் அறைக்குள் விழித்தெழுந்து, கண்ணில் பட்டதை எல்லாம் சொடுக்கி வழி தேட வேண்டும். இப்படிப்பட்ட விளையாட்டுகளிலிருந்து 2007இல் கியோட்டோவில் கதோ தகாவோவின் ஸ்க்ராப் அமைப்பு நிஜ அறையையே உண்டாக்கியது. 2011இல் புடாபெஸ்டில் அட்டிலா கியுர்கோவிச் ‘பாராபார்க்’ என்ற எஸ்கேப் ரூமைத் திறந்தார். அங்கிருந்து இந்த ஆட்டம் ஐரோப்பாவெங்கும் பரவியது.

நிஜ அறையில் இரும்புப் பூட்டு தொங்கும், கடிகாரம் ஓடும், திணறினால் குறிப்பு கொடுக்க வெளியே ஓர் ஆள் இருப்பார். இந்த மூன்றையும் காகிதத்துக்குள் அடக்க முடியுமா என்பதுதான் சவால். அதை 2016இல் சாதித்தவர்கள் இன்கா பிராண்ட், மார்க்குஸ் பிராண்ட் என்ற ஜெர்மன் தம்பதி. ஸ்டுட்கார்ட் நகரத்து காஸ்மோஸ் நிறுவனம் அவர்களுடைய ‘எக்ஸிட்’ வரிசையை வெளியிட்டது.

அந்தப் பெட்டியில் இருக்கும் சுழல் வட்டை நான் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரே மையத்தில் சுழலும் வளையங்கள். ஒவ்வொரு புதிருக்கும் விளிம்பில் ஒரு குறி. அந்தக் குறிக்கு நேராக மூன்று இலக்கங்களை நிறுத்தினால் சின்ன ஜன்னலில் ஓர் எண் தெரியும். அந்த எண்ணுள்ள விடைச்சீட்டை எடுக்க வேண்டும். லிவர் பூட்டில் ஒவ்வொரு லிவரும் சரியான உயரத்துக்கு எழும்பினால்தான் நாக்கு நகரும். இங்கே மூன்று இலக்கமும் சேர்ந்து நின்றால்தான் வழி. தப்பான எண்ணை வைத்தாலும் ஒரு சீட்டு வரும், அதில் பெருக்கல் குறிதான் இருக்கும். சரியாக இருந்தாலும் சீட்டு உடனே ஒப்புக்கொள்ளாது. அந்தக் குறியை எந்தப் பொருளின்மேல் பார்த்தீர்கள் என்று கேட்டு, இன்னொரு சீட்டுக்கு அனுப்பும். விடைச்சீட்டுகள் மொத்தம் முப்பதுதான், ஆனால் பத்துப் புதிர்களைக் காக்கின்றன. குறிப்பு கொடுக்கும் ஆளுக்குப் பதில் உதவிச்சீட்டுகள். 2017இல் ஜெர்மனியில் தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கான விருது இந்த வரிசைக்குக் கிடைத்தது. முற்றிலும் தகுதியான விருது.

எக்ஸிட்டில் சீட்டை வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், கிழிக்க வேண்டும். ஆடி முடித்தால் பெட்டி குப்பைக்குத்தான். காசு கொடுத்து வாங்கியதை வெட்டுவதா என்று வருந்துபவர்கள் உண்டு. நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. வெட்டலாம் என்றானபின் பெட்டியின் மூலை, புத்தகத்தின் அட்டை எல்லாமே தடயமாகிவிடுகின்றன.

2017இல் பிரான்சிலிருந்து சிரில் தெமேயின் ‘அன்லாக்’ வந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அறுபது சீட்டுகள், ஒரு கைபேசிச் செயலி. சிவப்பு எண்ணுள்ள பொருளையும் நீல எண்ணுள்ள பொருளையும் கூட்டினால் அடுத்த சீட்டின் எண். கடிகாரமும் கடைசிப் பூட்டும் செயலிக்குள். தப்பான குறியீட்டைத் தட்டினால் நேரம் குறையும். படங்களுக்குள் சிற்சில எண்களை ஒளித்தும் வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் என் மாமியாருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நானும் மகளும் எழுத்தோடு மல்லுக்கட்டும்போது, “மாப்ளே, இந்தச் செவுத்து மூலையில என்னமோ எழுதியிருக்கு பாருங்க” என்பார். பெரும்பாலும் அதுதான் நாங்கள் தேடிய எண்.

அதே காலத்தில் இத்தாலியிலிருந்து ‘டெக்ஸ்கேப்’பும், நெதர்லாந்திலிருந்து சாவி செருகும் மின்கருவியோடு ஒரு பெட்டியும் வந்தன. கருவி வைத்துப் பூட்டுவதில் எனக்குப் பெரிய வியப்பில்லை. மின்கலம் இல்லாமல் காகிதத்தாலேயே பூட்டிய எக்ஸிட்தான் என் கணக்கில் முதலிடம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்று அல்லது நான்கு பேராக உட்காருங்கள். சின்னப் பெட்டிக்கு அதற்கு மேல் கைகள் தாங்காது. கடிகாரத்துக்குப் பயப்படாதீர்கள், எக்ஸிட்டில் நேரம் ஆனால் நட்சத்திரம்தான் குறையும். அன்லாக் வாங்கினால் ஆடி முடித்ததும் சீட்டுகளைப் பழையபடி அடுக்கி அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். விடையை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.