பேரிடர்க் கால வானொலிப் பெட்டி: பண்ருட்டி வட்டாரம்

புயல், வெள்ளம், நாள்கணக்கில் நீளும் மின்தடை ஆகியவற்றின்போது செய்தி கேட்பதற்காக வீட்டில் வைத்திருக்கும், செல் போட்டு இயக்கும் சிறிய வானொலிப் பெட்டி. கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டிப் பக்கம் டிரான்சிஸ்டர், ரேடியோப் பெட்டி என்பவை இதற்கு வழங்கும் பெயர்கள். ‘எமர்ஜென்சி ரேடியோ’ என்று இணையக் கடைகளில் விற்கும் பெட்டிகளில் பல, அமெரிக்க வாடிக்கையாளரை மனத்தில் வைத்துச் செய்தவை. இந்த வட்டாரத்துக்கு மத்திய அலையும் பண்பலையும் பிடிக்கும் சாதாரணப் பெட்டியே போதும். பல வகையில் அதுவே மேல்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று காலை 6.30 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் வீசியது. பண்ருட்டியின் பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்ததால் கிராமங்கள் பலவற்றுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆயிற்று. செல்பேசிக் கோபுரங்கள் மின்சாரம் போன நொடியிலேயே நின்றுவிடுவதில்லை. பேட்டரியிலும் டீசல் ஜெனரேட்டரிலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சாலையில் மரம் விழுந்து டீசல் கொண்டுவர வழியில்லாதபோது அவையும் ஓய்ந்துபோகும். வானொலிக்கு உள்ள பெரிய வசதி, அதன் ஒலிபரப்பி புயலடித்த ஊரிலேயே இருக்க வேண்டியதில்லை என்பதுதான். கடலூர் மாவட்டமே இருண்டு கிடந்தாலும் திருச்சியிலிருந்து வரும் குரல் கேட்கும்.

இதற்கும் எல்லை உண்டு. 2015 நவம்பர் 9 அன்று கொட்டிய மழையில் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஊர்களில் ஓடை திடீரென்று பெருகி வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களும் போயின. அவ்வளவு விரைவாக வரும் வெள்ளத்தில் எந்தப் பெட்டியும் முன்கூட்டிச் சொல்லிவிடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கியது வேறு வகை. மேலே திறந்த தண்ணீர் கீழே வந்துசேர மணிக்கணக்கில் ஆகும். செய்தி கேட்டு மாட்டை அவிழ்த்து ஓட்டவும், அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றவும் அந்த அவகாசத்தில் முடியும். டிரான்சிஸ்டருக்கு வேலை இருப்பது இத்தகைய வேளைகளில்தான்.

பண்ருட்டிக்கு அருகில் உள்ள அகில இந்திய வானொலி நிலையம் புதுச்சேரி. 1967-இல் தொடங்கிய அந்நிலையம் நேர்கோட்டில் 35 கி.மீ. தொலைவுதான், சமவெளி என்பதால் அதன் பண்பலை பெரும்பாலும் தெளிவாகவே கிடைக்கும். ஆனால் அது பண்ருட்டி மாட்டிக்கொள்ளும் அதே புயலில் மாட்டிக்கொள்ளக்கூடிய ஊர். தானேவும் ஃபெஞ்சலும் அதைத்தான் காட்டின. ஆகவே, தொலைவிலிருந்து வரும் மத்திய அலையும் பெட்டியில் இருக்க வேண்டும். 1938-இல் தொடங்கிய சென்னை நிலையத்தின் 720 கிலோஹெர்ட்ஸும், 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸும் தமிழகத்தில் பல தலைமுறை கேட்டுப் பழகியவை. இரண்டு நகரங்களும் இங்கிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. பண்பலை அவ்வளவு தூரம் நம்பகமாக வராது. தரையை ஒட்டிப் பரவும் மத்திய அலை வரும். நாட்டில் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றை மூடிவருகிறார்கள் என்பதால், எது எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே முள்ளைத் திருப்பிப் பார்த்து, பெட்டியின் முதுகில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்குள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பி. அதனால் இழுப்பு ஏரியலை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. பெட்டியையே மெல்லத் திருப்பி, குரல் தெளியும் திசையில் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, மலிவான சார்ஜர் மூன்றும் மத்திய அலையில் இரைச்சலைக் கிளப்பும். கரண்ட் போன இரவில் திருச்சி வழக்கத்தைவிடத் தெளிவாகக் கேட்பதற்கு ஊரில் இவை ஓய்ந்திருப்பதும் ஒரு காரணம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது செல். பெரிய டார்ச் செல்லிலோ பென்டார்ச் செல்லிலோ ஓடும் பெட்டியே உகந்தது. ஊர் மளிகைக் கடையில் கிடைப்பது அதுதான். சீனத் தயாரிப்புச் சிறு பெட்டிகள் பலவற்றில் பழைய நோக்கியா கைப்பேசியின் பேட்டரியைப் போட்டிருப்பார்கள். பாட்டுக் கேட்கச் சரி. ஆனால் அதைத் திரும்பச் சார்ஜ் செய்ய மின்சாரம் வேண்டும், இல்லாமல் போவதும் அதுவே. செல்லைப் பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். தனியே உறையில் போட்டு வைக்க வேண்டும்.

கைப்பிடியைச் சுற்றி இயக்கும் பெட்டியைப் பலர் விரும்புகிறார்கள். சாவி கொடுத்து ஓடும் வானொலியை 1991-இல் உருவாக்கியவர் ஆங்கிலேயரான டிரெவர் பேலிஸ். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய செய்தி மின்சாரமில்லாத ஊர்களுக்கும் செல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்றைய மலிவுப் பெட்டிகளில் அந்த உறுதி இல்லை. கைப்பிடி எளிதில் கழன்றுவிடும். மேலே ஒட்டிய உள்ளங்கை அளவு சூரியத் தகடு, புயல் மேகம் மூடிய நாளில் ஏறக்குறைய அலங்காரம்தான். ‘டபிள்யூ.பி.’ என்ற பொத்தான் சுத்த வீண்செலவு: 162 மெகாஹெர்ட்ஸையொட்டி அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒலிபரப்பாகும் வானிலை அறிவிப்புக்கானது அது. இந்தியாவில் அதை அழுத்தினால் இரைச்சல்தான் கேட்கும்.

கைப்பேசியில் எஃப்.எம். இருந்தால் அதுவும் உதவும், ஒயர் உள்ள இயர்போனைச் செருகினால். அந்த ஒயர்தான் ஏரியல். புதிய கைப்பேசிகளில் இந்த வசதி மறைந்துவந்ததால், அதை முடக்காமல் விடுமாறு 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் விளக்குக்கும் பேச்சுக்கும் வேண்டிய பேட்டரியை வானொலிக்குச் செலவழிப்பது சிக்கனமன்று.

2015 வெள்ளத்துக்குப் பின், டிசம்பரில், கடலூரில் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர் வானொலி ஒன்று தற்காலிகமாக ஒலித்தது. அத்தகைய சிறு ஒலிபரப்பிகள் வழக்கமாக 10, 15 கி.மீ. சுற்றளவைத் தாண்டுவதில்லை, பண்ருட்டியோ சாலைவழியில் கடலூரிலிருந்து 25 கி.மீ. தள்ளி இருக்கிறது. நாளை இந்த ஊரிலேயே அப்படி ஒன்று அமைந்தாலும், முள் 108 வரை போகும் எந்தப் பண்பலைப் பெட்டியிலும் அதைக் கேட்கலாம்.