வயிற்றுவலியும் வினாத்தாளும்: லீட்ஸ் நகரில் ஒரு நோயறி முயற்சி

அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வரப்படுவோரில் எலும்பு முறிந்தவருக்கும் தீக்காயம் பட்டவருக்கும் நேர்ந்தது இன்னதென்று கண்ட மாத்திரத்தில் சொல்லிவிடலாம். வயிறு வலிக்கிறது என்பதற்குமேல் எதையும் சொல்லத் தெரியாமல் சுருண்டு படுத்திருப்பவரிடம் அது இயலாது. அவர் சொல்லத் தெரியாதவர் என்பதல்ல காரணம். வயிற்றின் உள்ளுறுப்புகளிலிருந்து செல்லும் நரம்புகள் தோலின் நரம்புகளைப்போல வலியின் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தை ஒட்டித் தொங்கும் குடல்வால் அழற்சியுற்று வீங்கத் தொடங்கும்போது வலி தொப்புளைச் சுற்றி எழுந்து, சில மணி நேரம் கழித்து அழற்சி வயிற்றின் உட்சுவர்ச் சவ்வை எட்டிய பின்னரே வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்குகிறது. நுரையீரலின் அடிப்பகுதியில் கண்ட நிமோனியாவும் மாரடைப்பும்கூட மேல்வயிற்று வலியாக வேடமிட்டு வருவதுண்டு. இந்த மயக்கத்தைத் தெளிவிக்க மருத்துவர்கள் செய்த முயற்சிகளின் வரலாறு, பெரும்பாலும் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டதன் வரலாறே.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வலப்பக்க அடிவயிற்றுச் சீழ்க்கட்டிகளுக்குப் பெருங்குடலின் தொடக்கப் பகுதியே காரணமென்று கருதப்பட்டது. பெரிட்டிஃப்லைட்டிஸ், அதாவது அப்பகுதியைச் சுற்றிய அழற்சி என்ற பெயரும் அக்கருத்திலிருந்து வந்ததே. பாஸ்டன் நகரின் நோயியல் அறிஞர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் துளைபட்ட 257 பேரின் விவரங்களைத் திரட்டி 1886இல் படித்த கட்டுரையில், குற்றவாளி குடல்வாலே என்று நிறுவி, அந்நோய்க்கு இன்று வழங்கும் அப்பெண்டிசைட்டிஸ் என்னும் பெயரையும் சூட்டினார். மூன்றாண்டு கழித்து, நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளை நோக்கிய கோட்டில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தொலைவில், ஒற்றை விரல்நுனியால் அழுத்தும்போது வலி மிகும் புள்ளியைக் குறித்துக் காட்டினார். எனினும் புதிய பெயர் எல்லோர் நாவிலும் உடனே ஏறிவிடவில்லை: 1902 ஜூனில், முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில், மன்னர் ஏழாம் எட்வர்டின் வயிற்றுச் சீழ்க்கட்டியை ஃப்ரெடெரிக் டிரீவ்ஸ் பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே கீறி வடித்தபோது, அரசு அறிக்கை சொன்னது பெரிட்டிஃப்லைட்டிஸ் என்ற பழம்பெயரைத்தான்.

இவ்வாறு சிதறிக் கிடந்த அனுபவ அறிவை ஒரு பாடமாக ஒழுங்குபடுத்தியவர் லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப். திடீர் வயிற்றுவலியை விரைந்து இனங்காண்பது பற்றி அவர் 1921இல் வெளியிட்ட சிறு நூல், அவர் மறைந்த பின்னும் பிறர் கையால் திருத்தம் பெற்றுப் பதிப்புகள் பல கண்டது. நல்ல உடல்நிலையில் இருந்த ஒருவருக்குத் தோன்றிய கடும் வயிற்றுவலி ஆறு மணி நேரத்துக்குமேல் நீடித்தால் அது பெரும்பாலும் அறுவை மருத்துவர் கவனிக்க வேண்டிய நோயே என்ற அவரது விதி, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு ஓதப்பட்டது. நோய் இன்னதெனத் துணியுமுன் மார்ஃபின் கொடுத்தால் அறிகுறிகள் மறைந்துவிடும் என்ற அவரது எச்சரிக்கையும் அவ்வாறே ஓதப்பட்டது. அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்த ஆய்வுகள் காட்டும்வரை நோயாளிகள் வலியோடு காத்திருக்க நேர்ந்தது, ஒரு நல்ல நூலின் செல்வாக்கு விளைவித்த தீங்கு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கோப்பின் நூல் கற்பித்தது அனுபவம் முதிர்ந்தவரின் கலையை. நோயாளியை முதலில் பார்த்தவரோ, பிரிட்டிஷ் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுகளில், பெரும்பாலும் படிப்பு முடித்துச் சில மாதங்களே ஆன இளம் மருத்துவர். 1962இல் வெளிவந்த பிளாட் குழு அறிக்கை இப்பிரிவுகளின் குறைகளை எடுத்துக்காட்டி, விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவு என அவற்றைச் சீரமைக்கப் பரிந்துரைத்தது. ஆயினும் நள்ளிரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கும் இளம் மருத்துவருக்கும் இடையே நடப்பது என்னவோ பழையபடியே இருந்தது.

அந்த இடைவெளியில் நுழைந்தவர் லீட்ஸ் பல்கலைக்கழக அறுவை மருத்துவத் துறையைச் சேர்ந்த திமதி டி டோம்பல் (1937–1995). அவரும் உடனுழைத்தோரும் கையில் எடுத்த கருவி, பாதிரியார் தாமஸ் பேய்ஸ் எழுதி, அவர் இறந்தபின் 1763இல் அச்சேறிய நிகழ்தகவுத் தேற்றம். குடல்வால் அழற்சி கண்ட நூறு பேரில் எத்தனை பேருக்கு வலி இடம் மாறியது, பித்தப்பை அழற்சி கண்ட நூறு பேரில் எத்தனை பேருக்கு மாறியது என்று முன்னரே எண்ணி வைத்திருந்தால், வலி இடம் மாறியதாகச் சொல்லும் புதிய நோயாளிக்கு எந்நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடலாம். அறிகுறிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர வாய்ப்புகள் ஏறியும் இறங்கியும் ஒரு நோயின் பக்கம் சாயும் என்பதே அதன் சாரம். குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, சிறுகுடல் அடைப்பு, துளைபட்ட முன்சிறுகுடல் புண், பெருங்குடற் சுவரில் பிதுங்கிய பைகளின் அழற்சி ஆகிய ஆறோடு, இவற்றுள் எதுவுமல்லாமல் தானே தணிந்துவிடும் வலியையும் ஏழாவதாக வைத்து, அதற்குக் குறிப்பிலா வயிற்றுவலி என்று பொருள்படும் பெயரை அவர்கள் வழங்கினர்.

கணக்குக்குத் தீனி வேண்டுமே. அதற்காக உருவானதே அச்சிட்ட வினாத்தாள். வலி தொடங்கியபோது எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது. விட்டுவிட்டு வருகிறதா, ஓயாமல் நிற்கிறதா. அசைந்தால், இருமினால், மூச்சை இழுத்தால், உண்டால் கூடுகிறதா. வாந்தி, பசி, மலம், சிறுநீர் எப்படி. முன்பு இதுபோல் வந்ததுண்டா என்று அது வரிசையாகக் கேட்டது. பின்னர் மருத்துவரின் கைக்கு வேலை வைத்தது: வயிறு மூச்சோடு அசைகிறதா, பழைய தழும்பு உண்டா, தொட்டால் எங்கே நோகிறது, அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது துடிக்கிறாரா, தசை பலகைபோல் இறுகியிருக்கிறதா. பிசைகிறது, முறுக்குகிறது, குத்துகிறது, இழுத்துப் பிடிக்கிறது என்று தமிழில் நோயாளி சொல்வனவற்றை ஒரு மருத்துவர் கேட்பதுபோல் இன்னொருவர் கேட்பதில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லோரும் ஒப்பிய வரையறை ஒன்றை வகுப்பதற்கு லீட்ஸ் குழு மிகவும் மெனக்கெட்டது.

1972இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திடுக்கிட வைத்தது. திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 பேரில், வினாத்தாளின் விடைகளைக் கொண்டு இக்கணக்கைப் போட்ட கணினி 91.8 விழுக்காட்டினரின் நோயைச் சரியாகச் சொல்லியிருக்க, அவர்களைப் பார்த்த மூத்த மருத்துவர் எட்டியது 79.6 விழுக்காடு. கணினி மருத்துவரை வென்றது என்பதே பரவலாக நினைவில் தங்கிய செய்தி. ஆனால் அதே குழுவின் அடுத்த கட்டுரைகளில் இதைவிடப் பொருள் பொதிந்தவை இருந்தன. உண்மை நோயாளிகளிடம் எண்ணியெடுத்த விவரங்களுக்குப் பதிலாக, மருத்துவர்கள் தம் அனுபவத்திலிருந்து ஊகித்துச் சொன்ன எண்களைக் கொடுத்தபோது, கணினியின் மேன்மை பெரிதும் சுருங்கிவிட்டது. 1974இல் வெளியான அறிக்கையோ, ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களே திருந்தியதைப் பதிவு செய்தது: அறுவைக்கு முன்பே குடல்வால் துளைபட்டுவிடும் நிலை 36 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கு இறங்கியது, வயிற்றைத் திறந்தபின் ஒன்றுமில்லை என்று தைத்து மூடும் வீண் அறுவைகளும் குறைந்தன. 1972 ஆகஸ்டில் ஆய்வு முடிந்ததும் இரண்டும் பழைய நிலையை நோக்கித் திரும்பின. மருத்துவமனை அதேதான். மருத்துவர்களின் கையிலிருந்து நீங்கியவற்றுள் வினாத்தாளும், தம் கணிப்பு பின்னர் சரிபார்க்கப்படும் என்ற உணர்வும் இருந்தன. புகழ் முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்தது பிற்கால எழுத்தாளர்களின் பிழை.

எட்டு மையங்களில் 250 மருத்துவர்களும் 16,737 நோயாளிகளும் பங்குகொண்ட பெரிய ஆய்வு 1986இல் வெளியாயிற்று. முதல் பார்வையில் சரியாகக் கணிக்கும் திறன் அதில் 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இடையில் லீட்ஸின் எண்களைக் கோபன்ஹேகன் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தபோது கணிப்பு தளர்ந்தது. ஓர் ஊரின் நோய்க்கணக்கு மற்றோர் ஊருக்கு அப்படியே செல்லாது என்ற பாடம் அதில் கிடைத்தது. ஒரு மாலுமியின் வயிற்றுவலிக்காக நீர்மூழ்கிக் கப்பலைக் கரைக்குத் திருப்புவதா வேண்டாமா என்ற கவலையில் இருந்த அமெரிக்கக் கடற்படையும் இந்த முறையைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது.

1990களின் இறுதியில் சி.டி. ஸ்கேன் அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கே வந்துவிட்டபின், குடல்வாலைக் கேள்விகளால் தேடும் தேவை செல்வ நாடுகளில் வெகுவாகக் குறைந்தது. குறிப்பிலா வயிற்றுவலி என்ற அந்த ஏழாவது பெயர் மட்டும் விலகவில்லை. டி டோம்பல் பின்னாளில் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்பெயரே மிஞ்சியது. அவர்களில் பெரும்பாலோர் நலமாக வீடு திரும்பினர் என்றாலும், முதியவர் சிலருக்குப் பின்னர் புற்றுநோய் வெளிப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், காரணம் குறிக்கப்படாத வயிற்றுவலிக்கென்றே ஆர்10.4 என்ற குறியீடு உண்டு.