ஈரமும் வறட்சியும்: நிலம்பூர்த் தேக்கு வளர்ப்பு வரலாற்றில் பருவ அறிவு

முன்னுரை

ஒரு பருவத்தில் மிகுந்த ஈரத்தையும் மறு பருவத்தில் கடும் வறட்சியையும் தாங்கி வாழத் தகவமைந்த தாவரங்களைச் செருமானியத் தாவரவியலாளர் சிம்பர் 1898-ஆம் ஆண்டில் தனி வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். தேக்கு அவ்வகைக்குச் சிறந்த சான்றாகும். அப்பெயர் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அம்மரத்தின் பருவ ஒழுங்கை மலபாரின் நிலம்பூரில் நடைமுறையில் கற்க நேர்ந்தது. அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேக்கின் பருவ ஒழுங்கு

வறண்ட மாதங்களில் தேக்கு தன் அகன்ற இலைகளை உதிர்த்து நீரிழப்பைக் குறைக்கிறது. மழைக்காலத்தில் தழைத்துப் பூக்கிறது. அதன் கனியின் உள்ளோடு கல்லைப் போன்று கடினமானது. வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் அவ்வோடு நெகிழ்ந்த பின்னரே விதை எளிதில் முளைக்கும். கோடையில் பெய்யும் சிறுமழைக்கு முளைத்து, நாற்று நீரின்றி மடிவதை இத்தடை பெரிதும் தவிர்க்கிறது.

காடழிவும் மறுநடவும்

கப்பல் கட்டுவதற்கு மலபார்த் தேக்கு பெருமளவில் வெட்டப்பட்டது. மரவளத்தைத் தன்வயப்படுத்தக் கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் கேப்டன் வாட்சனை வனப் பாதுகாவலராக அமர்த்தியது. மக்களின் மர உரிமையைப் பறித்த அம்முற்றுரிமை எதிர்ப்பைத் தோற்றுவித்தது. சென்னை ஆளுநர் தாமசு மன்றோவின் ஆட்சியில், 1823-இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் வெட்டுண்ட காடு மீளவில்லை.

மலபார் ஆட்சியர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். நிலமும் நிதியும் அரசாணையும் இருந்தும் தொடக்க முயற்சிகள் தோற்றன, விதைகள் முளைக்கவில்லை. தோட்டப் பொறுப்பை ஏற்ற சாத்து மேனோன் என்னும் அலுவலரின் உழைப்பில்தான் அச்சிக்கல் தீர்ந்தது. விதைகளை ஊறவைத்து நாற்றங்காலில் முளைக்கச் செய்து, தென்மேற்குப் பருவமழையை ஒட்டி நாற்றுகளை நடும் முறை வெற்றி கண்டது. மரத்தின் பருவத்திற்கு நிருவாகம் இணங்கிய பின்னரே தோட்டம் உருவாயிற்று எனலாம்.

முடிவுரை

1846-ஐச் சார்ந்த பழைய தோட்டப்பகுதி இன்றும் 'கனோலித் தோட்டம்' என்றே வழங்குகிறது. திட்டமிட்டவரின் பெயர் இடப்பெயராயிற்று. முளைக்க வைத்தவரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. எனினும், தேக்கு விதைகளை மாறிமாறி நனைத்து உலர்த்தும் வழக்கம் நாற்றங்கால்களில் இன்றும் தொடர்கிறது. காடு வளர்ப்பின் வரலாற்றை ஆணைகளைக் கொண்டு மட்டும் எழுத இயலாது. விதையைக் கையாண்டவரின் பருவ அறிவும் அதன் முதன்மைச் சான்றாகக் கொள்ளத்தக்கது.