நாணயம் முறிந்த ஆண்டு

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காக்கும் பண்பும் நாணயம். இவ்விரண்டும் ஒருங்கே குடியிருக்கும் இடம் வங்கி. இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் ஒரு வங்கியின் வீழ்ச்சிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். சொல்லின் மேல் எழுப்பப்பட்ட கட்டடம் கவிதை மட்டுமன்று, வங்கியும் அதுவே என்பதுதான் என் விடை. அச்சொல் முறிந்தபோது என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் தென்னிந்தியாவை விளைபொருள்களின் விலை வழியாகத் தாக்கியது. தஞ்சைத் தரணியின் நெல்லும், திருவிதாங்கூரின் கொப்பரையும் இரப்பரும் விலை சரிந்தன. ஆனால் நிலத்தீர்வையோ பட்ட கடனோ அவ்வாறு குறையவில்லை. உழவனுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று கண்ட கைமுதல் உடையோர், தம் பணத்தை வட்டிக்கு விடுவதைக் குறைத்துக்கொண்டு, பாங்கிகளில் போட்டுவைக்கலாயினர். இதனால் மந்தக் காலத்திலேயே தெற்கில் சிறு வங்கிகள் பல முளைத்தன. ஓய்வு பெற்ற ஊழியரின் சேமிப்பும் மகளின் திருமணத்துக்கென ஒதுக்கிய தொகையும் அவற்றின் பேரேடுகளில் எண்களாகக் குடியேறின.

அவ்வாறு வளர்ந்தவற்றுள் இரண்டு, திருவல்லாவில் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை நிறுவிய திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும், சி.பி. மாத்தன் நிறுவிய குயிலான் பாங்கும் ஆகும். 1937இல் இவை இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு என்னும் பெயர் பெற்றன. புதிய வங்கி தென்னாட்டின் பெரிய வங்கிகளுள் ஒன்றாயிற்று. சமஸ்தான எல்லையைக் கடந்து பல ஊர்களில் கிளை பரப்பியது. சென்னையிலும் தலைமைப் பணிகள் நடந்தன. ரிசர்வ் வங்கியின் பட்டியலிலும் அது இடம்பெற்றிருந்தது.

'பட்டியல் வங்கி' என்னும் இத்தொடர் நோக்கத்தக்கது. 1935இல் செயற்படத் தொடங்கிய ரிசர்வ் வங்கி, மூலதனமும் சேமநிதியும் சேர்ந்து ஐந்து இலட்சம் ரூபாய்க்குக் குறையாத வங்கிகளையே பட்டியலில் சேர்த்தது. அவை தம் பொறுப்புகளில் ஒரு சிறு பங்கை அதனிடம் இருப்பாக வைக்க வேண்டும். அவ்வளவே ஏற்பாடு. ஆனால் பாஸ் புத்தகம் வைத்திருந்த எளிய மனிதர், பட்டியலில் இருந்தால் அரசே பிணை நிற்கிறது என்று நம்பியிருந்தால், அதில் வியப்பில்லை. அப்படியொரு பிணை அன்று எச்சட்டத்திலும் இல்லை.

இந்நிலையில் அரசியல் குறுக்கிட்டது. மாம்மன் மாப்பிள்ளை 'மலையாள மனோரமா' இதழின் ஆசிரியருமாவார். சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கோரி எழுந்த இயக்கத்துக்கு அவ்விதழ் ஆதரவு தந்தது. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றியது. திவானாக இருந்தவர், முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சர் சி.பி. இராமசுவாமி ஐயர். இயக்கத்தின் பின்னால் வங்கியின் பணம் நிற்கிறது என்று அரசு ஐயுற்றது. வங்கி நிலைக்காது என்ற பேச்சும் ஊருக்கு ஊர் பரவியது.

வங்கிக்கு எதிரான வதந்திக்கு ஒரு தனித்தன்மை உண்டு: பொய்யாகவே தொடங்கினாலும் அது தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும். எந்த வங்கியும் வைப்புத் தொகை முழுவதையும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. பெரும்பகுதி கடனாக வெளியே நிற்கும். மந்தக் காலத்தில் அதைத் திரட்டுவது அரிது. எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியும் தள்ளாடும். நலிந்த வங்கி விழும். ரிசர்வ் வங்கியிடம் எதிர்பார்த்த உதவி வந்து சேரவில்லை. 1938 ஜூன் மாதத்தில் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. நம் வழக்கில் சொன்னால், மஞ்சள் கடிதாசி கொடுத்தாயிற்று.

பின்னர் அது சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி கலைப்பு அதிகாரிகளின் கைக்குச் சென்றது. கலைப்பு என்பது நீண்ட, ஈரமற்ற ஒரு நடைமுறை. நேற்றுவரை 'என் பணம்' என்று சொன்னவர், இன்று முறிந்துபோன நிறுவனத்தின் பிணையற்ற கடனீந்தோருள் ஒருவர். அவர் தம் கோரிக்கையை எழுதி மெய்ப்பிக்க வேண்டும். அதிகாரிகள் கடன்களை வசூலித்து, சொத்துகளை விற்று, செலவையும் முன்னுரிமை உடையோர் பங்கையும் கழித்து, எஞ்சியதை விகிதப்படி பங்கிடுவர். ஆண்டுகள் உருளும். திருமணம் காத்திருக்காது, நோயும் காத்திருக்காது.

தலைவர்களின் கதை நமக்குத் தெரியும். மாப்பிள்ளையும் மாத்தனும் 1938 அக்டோபரில் சென்னையில் கைதாகித் திருவனந்தபுரம் கொண்டுசெல்லப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். 'மனோரமா' முடக்கப்பட்டது, 1947இல் மீண்டும் வெளிவந்தது. மாப்பிள்ளையின் மகன் ஒருவர் 1946இல் சென்னையில் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. திவானின் பகைதான் வங்கியை வீழ்த்தியது என்பர் ஒரு சாரார். உள்ளே முன்பே நலிவு இருந்தது என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை இருக்கலாம். உள்ளே நலிவு இல்லாத இடத்தில் வெளிப்பகை எளிதில் வெல்லாது. பகை இல்லாவிடில் அந்நலிவு மெல்லத் தேறியும் இருக்கலாம்.

ஆனால் இவ்விரு தரப்பு வரலாற்றிலும் வைப்பாளர் இல்லை. திவானுக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. ஆசிரியருக்கு இதழ் உண்டு. பாஸ் புத்தகத்துக்கு உரையாசிரியர் எவரும் இல்லை. இருப்பினும் அவர்தம் இழப்பு வீண்போகவில்லை எனலாம். இவ்வீழ்ச்சிக்குப் பின், 1939இல் ரிசர்வ் வங்கி தனி வங்கிச் சட்டம் வேண்டுமென நடுவணரசுக்கு முன்மொழிந்தது. 1949இல் அச்சட்டம் வந்தது. வங்கிகளுக்கு உரிமம் வழங்கவும் அவற்றைத் தணிக்கை செய்யவும் அதிகாரம் பிறந்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் பாங்கு வீழ்ந்த பின்னரே வைப்புக் காப்பீடு வந்தது. 1962இல் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை என்றிருந்த வரம்பு, 2020இல் ஐந்து இலட்சமாக உயர்ந்தது.

1938இல் பூட்டிய கதவின் முன் நின்றவருக்கு இவற்றுள் எதுவும் கிட்டவில்லை. அவரிடம் இருந்தவை ஒரு பாஸ் புத்தகமும் அதில் மையால் எழுதிய ஓர் எண்ணுமே. நாணயம் என்னும் சொல்லின் இரு பொருள்களும் அவர் கண்முன் ஒருசேர மறைந்தன. இச்சொல்லை இனி எழுதுகையில், கவிதையிலோ கணக்கிலோ, அம்மனிதரை நாம் ஒரு கணம் நினைப்போமாக.